மஞ்சள் நோட்டீஸுக்குப் பிறகு

ஒருவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டார் என்று ஊரில் செய்தி பரவினால், அந்தக் கணக்கு அத்தோடு முடிந்தது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கொடுத்தவர் முதலும் போச்சு, வட்டியும் போச்சு என்று வாயில் அடித்துக்கொள்கிறார். வாங்கியவர் தலை தப்பியது என்று மூச்சு விடுகிறார். அவருடைய வழக்கறிஞரும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறார். மனுவுக்கு எண் விழுந்து, நோட்டீஸ் போய், ஜப்தியும் வாரண்டும் கொஞ்ச நாள் தள்ளிப்போனால் கட்டைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார். சட்டம் அங்கே முடிவதில்லை. நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் ஐ.பி. என்று சொல்லும் நொடிப்பு மனு, மூன்று கட்டங்களில் முதலாவது. மனுதாரரை நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிப்பது இரண்டாவது. விடுவிப்பு ஆணை மூன்றாவது. கடனிலிருந்து ஒருவரை உண்மையில் கழற்றிவிடுவது அந்த மூன்றாவது ஆணைதான். காலம் கடத்துவதற்காக மட்டும் மனுப் போடும் வழக்கம் கடன் கொடுத்தவரைவிடக் கடனாளிக்கே அதிகக் கேடு செய்கிறது என்பது என் துணிபு. விடுவிப்புவரை கட்சிக்காரரைக் கொண்டுபோக நினைக்கும் வழக்கறிஞர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம் என்று தெளிய வேண்டும். தமிழ்நாட்டில் தனிநபர் நொடிப்புக்கு இன்றும் வெள்ளையர் காலத்துச் சட்டங்கள் இரண்டுதான் நடைமுறையில் இருக்கின்றன. சென்னை மாநகருக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும், சொத்து அங்குள்ள அஃபிஷியல் அசைனி கைக்கு வரும். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம். மனு சார்பு நீதிமன்றத்தில், சொத்து ரிசீவர் கையில். 2016-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் தன் 243-ஆம் பிரிவில் இவ்விரண்டையும் நீக்குவதாகச் சொல்கிறது. ஆனால் தனிநபர்களுக்கான பகுதி சாதாரணக் கடனாளிகளுக்கு இன்னும் அமலாக்கப்படவில்லை. கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அந்த அறிவிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. அதன் நடைமுறைப் பிரிவுகளையும் 2023-இல் உறுதிசெய்தது. ஆகவே வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது நீங்கள் வாங்கிய கடனா, ஏதாவது கம்பெனிக்காக நீங்கள் கையெழுத்துப் போட்டதா என்பது. கம்பெனி ஜாமீன் கடனை வைத்துக்கொண்டு சார்பு நீதிமன்றத்தில் நின்றால் பாதை தொடக்கத்திலேயே பிசகிவிடும்.

இந்த 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியே இனி அதிகம் பேசப்போகிறேன். நம் மாவட்டங்களில் விசைத்தறிக்காரரும் மளிகைக்கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் வந்து நிற்பது அதன் வாசலில்தான்.

வந்து நிற்கும்போது அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை வழக்கறிஞர் மறந்துவிடக்கூடாது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டித் தொல்லையால் ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. அதற்கு முன்பு பலமுறை அங்கே மனுக் கொடுத்திருந்தார்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதர் சட்டப் பிரிவுகளைக் கேட்க வருவதில்லை. என்னை உள்ளே போட்டுவிடுவார்களா, வீட்டுப் பெண்களைக் கூட்டிப்போவார்களா, தாலியைக் கழற்றச் சொல்வார்களா என்றுதான் கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் திட்டமான விடைகள் இருக்கின்றன. பணத் தீர்ப்பாணைக்காக எந்தப் பெண்ணையும் கைது செய்ய முடியாது என்கிறது 56-ஆம் பிரிவு. ஆணைத் தொகை 2000 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் சிவில் சிறையே கிடையாது. 5000 ரூபாயைத் தாண்டினாலும் உச்ச அளவு மூன்று மாதம். சமையல் பாத்திரம், உடுதுணி, தொழிலாளியின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, உழவரின் வீடு, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. சம்பளத்தில் முதல் 1000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் ஒரு படி மேலே போனார். வெறுமனே கட்ட முடியாமல் போனதற்காக ஒருவரைச் சிறையில் அடைக்கக்கூடாது, வசதி இருந்தும் ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகத் தெரிய வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இவற்றை முதல் சந்திப்பிலேயே பொறுமையாகச் சொல்லிவிட வேண்டும். பயம் தணியாத மனிதரிடமிருந்து உண்மையான கணக்கு வராது. இந்த வழக்கோ கணக்கை வைத்தே நடப்பது.

கணக்கு என்றால் என்ன? மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது: எல்லாக் கடன்களும், தெரிந்த மட்டில் கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும், எல்லாச் சொத்தும், அதன் மதிப்பும், இருக்கும் இடமும், விதிவிலக்குப் பெற்றவை தவிர மற்றவற்றை நீதிமன்றத்திடம் ஒப்படைக்கச் சம்மதம் என்ற உறுதியும், முன்பு ஐ.பி. போட்டிருந்தால் அந்த விவரமும். கட்சிக்காரர் தரும் முதல் பட்டியல் ஒருபோதும் முழுமையாக இராது. யார் கடைசியாக வாசலில் வந்து கத்தினார்களோ அவர்கள் பெயர்தான் அதில் இருக்கும். வங்கி, நிதி நிறுவனம், கிரெடிட் கார்டு கடன்களைப் பிடிக்க வழி எளிது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுத்துப் பார்த்தால் கட்சிக்காரரே மறந்துபோன கைபேசிச் செயலிக் கடன்கூட வெளியே வரும். புரோநோட்டும் கைமாற்றும் தண்டலும் ஏலச்சீட்டில் எடுத்துவிட்டுக் கட்டாமல் நிற்கும் தவணையும் எந்த அறிக்கையிலும் வராது. அவற்றைப் பேசித்தான் எடுக்க வேண்டும். மச்சானிடம் வாங்கியது கடன் இல்லை என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். மனைவியின் தம்பி கொடுத்த 2 லட்சத்தை மனுவில் எழுதினால் உறவு கெடும் என்று தயங்குகிறார்கள். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். வேண்டுமென்றே மறைப்பது 69-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டுவரை சிறைக்குரிய குற்றம். அதைவிடப் பெரிய இழப்பு, விடுவிப்புக் கேட்கும் நாளில் நேர்மை போய்விட்டதாக எதிர்த்தரப்பு எழுந்து நிற்பது.

பட்டியல் முழுமையானதும் அதைப் பிரிக்க வேண்டும். இங்கே அவசரப்படும் வழக்கறிஞர்கள் அதிகம். எல்லாக் கடனும் ஐ.பி.யில் அடங்கும் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க முடியாமல் திண்டாடுகிறார்கள். வீட்டை அடமானம் வாங்கிய வங்கியும் நகையை ஈடாக வைத்திருக்கும் நிதி நிறுவனமும் 28-ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவின்படி இந்த வழக்குக்கு வெளியே நிற்கின்றன. சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வீட்டை எடுக்க வரும் வங்கியை ஐ.பி. தடுக்காது, ஏலத்துக்குப் போகும் நகையை மீட்டுத் தராது. அரசுக்குச் செலுத்த வேண்டிய வரிபாக்கி, மோசடியால் உண்டான பொறுப்பு, நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பு ஆணை வந்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறது 44-ஆம் பிரிவு. அதே பிரிவின் கடைசியில் உள்ள ஒரு வரியைப் பலர் படிப்பதில்லை. விடுவிப்பு கடனாளிக்கு மட்டுமே. அவருக்காகக் கையெழுத்துப் போட்ட ஜாமீன்தாரருக்கும் கூட்டாகக் கடன் வாங்கியவருக்கும் இல்லை. அண்ணன் ஐ.பி. போட்டார், தம்பி வீட்டுக்கு ஜப்தி வந்தது என்ற கதை அங்கேதான் தொடங்குகிறது. மனுவில் கையெழுத்து வாங்கும் முன், உங்களுக்காக யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களுக்கு என்ன நேரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செக் வழக்கு தனி. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு குற்றவியல் நடவடிக்கை. ஐ.பி. மனுவும் நொடிப்பு அறிவிப்பும் அதை நிறுத்துவதில்லை. அந்த வழக்கில் இடைக்கால இழப்பீடாகக் காசோலைத் தொகையில் 20 சதவீதம்வரை கட்டச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கையெழுத்திட்டு நிரப்பாமல் கொடுத்த காசோலைகள் எத்தனை, எந்த வங்கிக் கணக்கு, யாரிடம் இருக்கின்றன என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. செக் வழக்கைச் சமரசமாக முடிக்க அவசரமாகப் பணம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுத்து, அடுத்த மூன்று மாதத்துக்குள் மனுவும் போட்டால், அது ஓரவஞ்சனைக் கொடுப்பு என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி ரிசீவர் கேள்வி எழுப்பலாம். வேண்டியவர் என்பதற்காகக் கொடுத்ததா, சிறைப் பயத்தில் கொடுத்ததா என்பதே அப்போது விசாரணைப் பொருள். எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் நோட்டீஸ், சம்மன் முதலிய காகிதங்களைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

சொத்துப் பக்கத்துக்கு வருவோம். வழக்கறிஞர் நிதானமாக உட்கார வேண்டிய இடம் இது. பள்ளிபாளையத்தில் எட்டுத் தறி வைத்திருந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூல் விலை ஏறியது, கூலி கிடைக்கவில்லை, மனைவிக்கு அறுவைச் சிகிச்சை, கடன் 18 லட்சம். சொத்து ஒன்றுமில்லை என்கிறார். அவர் பெயருக்கும் அப்பா பெயருக்கும் முப்பதாண்டு வில்லங்கச் சான்று எடுத்து மேசையில் விரிக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்திலேயே கிடைக்கிறது. முதல் பதிவு: 1998-இல் தாத்தா எழுதிய பாகப்பிரிவினை. அடுத்தது: 2011-இல் வங்கிக்கு அடமானம், 2019-இல் அதன் ரத்து. மூன்றாவது: மனுவுக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன் தறிக்கூடம் இருந்த ஐந்து சென்டை மனைவிக்குத் தானசெட்டில்மெண்ட். நான்காவது: அதற்கு அடுத்த வாரமே பூர்வீக வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம். கட்சிக்காரர் மறைக்க நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கணக்கில் அது குடும்பத்தின் சொத்து, கடன் மட்டும் அவருடையது.

சட்டத்தின் கணக்கு வேறு. நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவருக்கும், திருமணத்தைக் கருதித் திருமணத்துக்கு முன்பே எழுதியதற்கும் மட்டும் நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மற்றபடி, எழுதிக் கொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கலான மனுவில் ஒருவர் நொடித்தவர் என்று அறிவிக்கப்பட்டால், ரிசீவர் கேட்டு அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய வைக்கலாம். நம் தறிக்காரரின் இரண்டு பத்திரங்களும் அந்த வலைக்குள் விழுகின்றன. சிலர் இரண்டு ஆண்டு கழியட்டும், பிறகு மனுப் போடலாம் என்று யோசனை சொல்கிறார்கள். அது கட்சிக்காரருக்கு நல்லதில்லை. கடன் கொடுத்தவரை ஏமாற்றும் நோக்கத்தோடு எழுதிய பத்திரத்தைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவும் தாக்கும். அங்கே இந்த இரண்டாண்டு வரம்பு இல்லை. விடுவிப்பு நாளிலும் அது பேசப்படும். நேரான வழி, இரண்டு பத்திரங்களையும் மனுவிலேயே எழுதி, எந்தச் சூழலில் எழுதப்பட்டன என்று சொல்லிவிடுவது. மனைவி தன் நகையை விற்றுத் தறி வாங்கக் கொடுத்திருந்தால், அதற்குக் கடை ரசீதோ வங்கி வரவோ இருந்தால், அந்த செட்டில்மெண்டைக் காப்பாற்றவும் வாய்ப்பு உண்டு. மறைத்துவிட்டுக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வில்லங்கச் சான்றை நீட்டும்போது எந்த ரசீதும் உதவாது. கடன் முற்றும் நேரத்தில் இப்படிப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி வருகிறவரிடம், வேண்டாம் என்று சொல்லும் துணிவு வழக்கறிஞருக்கு இருக்க வேண்டும். கட்சிக்காரருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி பல வழக்குகளில் அதுதான்.

அடுத்து, மனுப் போட்டதும் எல்லாம் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. அமெரிக்கத் திவால் சட்டத்தில் மனுவைத் தாக்கல் செய்த நொடியிலேயே வசூல் நடவடிக்கைகள் பெரும்பாலும் தாமாக நின்றுவிடும். 2016-ஆம் ஆண்டின் நம் புதிய தொகுப்புச் சட்டமும் விண்ணப்பித்த நாளிலிருந்தே இடைக்காலத் தடை தருகிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வசதி இல்லை. கடன் கொடுத்தவர் நீதிமன்ற அனுமதியின்றி வழக்குப் போடக்கூடாது என்ற தடை, நொடித்தவர் என்ற அறிவிப்பு வந்த பிறகே பிறக்கிறது. கைதிலிருந்து பாதுகாப்பு ஆணையும் அறிவிப்புக்குப் பிறகே கேட்க முடியும். நோட்டீஸ் திரும்பி, வாய்தா போய், அறிவிப்பு வருவதற்குள் ஏலமே முடிந்துவிடலாம். இந்த இடைவெளியை அடைக்கச் சட்டத்திலேயே கருவிகள் இருக்கின்றன. அவற்றை நாமாகப் போய்க் கேட்க வேண்டும். கடனாளியே மனுதாரராக இருந்தால், மனுவை ஏற்கும்போதே வழக்கமாக இடைக்கால ரிசீவரை நியமிக்க வேண்டும் என்கிறது 20-ஆம் பிரிவு. மனு ஏற்கப்பட்ட நாளுக்குப் பிறகு நிறைவேற்று மனுவில் வசூலாகும் பணம் அந்த ஒரு ஆணைதாரருக்குச் சேராது என்கிறது 51. மனு ஏற்கப்பட்டதை நிறைவேற்று நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, அதன் கையிலிருக்கும் சொத்தை ரிசீவரிடம் ஒப்படைக்கக் கேட்கலாம் என்கிறது 52. ஆனால் ஏலத்தில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு ரிசீவருக்கு எதிராகவும் உரிமை முழுமையாகக் கிடைத்துவிடும். ஆகவே ஏலத் தேதிதான் கெடு. மனு ஏற்கப்பட்ட அன்றே சான்று நகலுக்கு விண்ணப்பித்து, ஏலத்துக்கு முன் நிறைவேற்று நீதிமன்றத்தில் மனுவோடு நிற்க வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் ஏலத்தை வாய்தா நாளில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வீடு போய்விடும்.

ஏற்கெனவே கைதாகிவிட்டவருக்கு வேறு வழி உண்டு. தீர்ப்பாணைக்காகக் கைதானவர், ஒரு மாதத்துக்குள் நொடிப்பு மனுப் போடுவதாகச் சொல்லி, அழைத்தபோது ஆஜராவதற்குப் பிணையும் கொடுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி வெளியே வரலாம். அந்த ஒரு மாதம் தவறினால் பிணை கொடுத்தவர் தலையில் விடியும்.

விசாரணையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடனைத் தீர்க்க முடியாத நிலை என்பதற்கு முதல்தோற்றச் சான்று போதும் என்று நொடிப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கடனாளிக்குச் சலுகை தருகிறது. அந்தச் சலுகையை நம்பிக் கட்சிக்காரரைத் தயார் செய்யாமல் கூண்டில் ஏற்றுவதுதான் தவறு. அதே பிரிவு, கடன் கொடுத்தவர்கள் முன்னிலையில் அவருடைய நடத்தை, கொடுக்கல் வாங்கல், சொத்து எல்லாவற்றையும் நீதிபதி கேட்க வேண்டும் என்கிறது. அங்கே அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் பல மாதம் கழித்து விடுவிப்பு மனுவில் திரும்ப வரும்.

இனி விடுவிப்பு. பழைய வழக்குக் கட்டுகளில் நான் தேடிப் பார்ப்பதும், பெரும்பாலும் காணாமல் ஏமாறுவதும் இந்த ஆணையைத்தான். 1907-இல் வந்த முதல் மாகாண நொடிப்புச் சட்டத்தில், அறிவிப்புக்குப் பிறகு கடனாளி விடுவிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்ற கெடு கிடையாது. அறிவிப்பின் பாதுகாப்பை வாங்கிக்கொண்டு காலம் முழுக்க அப்படியே இருந்துவிட்டார்கள். அதைத் திருத்தத்தான் 1920-ஆம் ஆண்டுச் சட்டம் 27-ஆம் பிரிவில் ஓர் ஏற்பாடு செய்தது: நொடித்தவர் என்று அறிவிக்கும் ஆணையிலேயே, எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நீதிமன்றம் குறிக்க வேண்டும். அந்தக் காலம் தவறினால் 43-ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகும்.

ரத்தானால் பழைய நிலைக்குத்தானே திரும்புகிறோம், நட்டமென்ன என்று சிலர் கேட்கிறார்கள். நட்டம் பெரிது. ரிசீவர் அதற்குள் விற்ற சொத்து திரும்பி வராது. அவர் செய்த விற்பனைகள் செல்லும். கடன்களோ உயிரோடு திரும்பும். காலாவதியாகியிருக்குமே என்றால் அதுவும் இல்லை. அறிவிப்பு நாளிலிருந்து ரத்து நாள்வரை உள்ள காலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 78-ஆம் பிரிவு கடன் கொடுத்தவருக்குக் கை கொடுக்கிறது. முறைப்படித் தன் கடனை நிரூபிக்க வராதவருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. மறுபடியும் ஐ.பி. போடலாம் என்றால், ரத்து செய்த அதே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பிக்காமல் போனதற்குத் தக்க காரணம் வேண்டும், அல்லது நிலைமை பெரிதும் மாறியிருக்க வேண்டும்.

ரத்தும் ஆகாமல் விடுவிப்பும் வாங்காமல் நடுவில் தொங்குகிறவர் நிலை இதைவிட மோசம். விடுவிப்புக் கிடைக்கும்வரை அவருக்குப் புதிதாக வந்து சேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும் என்கிறது 28-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. ஐ.பி. போட்டுப் பல ஆண்டு கழித்து அப்பா இறக்கிறார். வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இவருக்கு வருகிறது. அந்தப் பங்கு வந்த கணமே பழைய கடனுக்குப் போய்விடும். கூடப் பிறந்தவர்கள் வீட்டை விற்கப் போகும்போதுதான் வழக்கு நினைவுக்கு வரும். தான் விடுவிக்கப்படாத நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம். 1920-இல் வைத்த அந்த அளவை இன்று ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே தாண்டிவிடுவோம். விடுவிக்கப்படாதவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட முடியாது என்று அரசியலமைப்பின் 191-ஆம் 102-ஆம் உறுப்புகளே சொல்கின்றன. உள்ளாட்சிப் பதவிகளுக்கும் தடை உண்டு.

ஆகவே அறிவிப்பு ஆணை வந்த அன்று வழக்கறிஞர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதில் குறித்த கெடுவைத் தம் நாட்குறிப்பிலும் குமாஸ்தாவின் நாட்குறிப்பிலும் எழுதிக்கொள்வது. ஆணையில் கெடு குறிக்கப்படாமல் விடுபட்டிருந்தால் அன்றே நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரிசீவர் வேலை தாமதமானால் கெடு முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. கட்சிக்காரர் வேலை தேடித் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார், எண் மாறியிருக்கும். உறவினர் ஒருவர் எண்ணையாவது முதலிலேயே வாங்கி வைத்திருந்தால்தான் அவரைப் பிடிக்க முடியும். கட்டணத்தையும் விடுவிப்பு மனுவரை சேர்த்துப் பேசிக்கொள்வதே முறை. மனுவுக்கு மட்டும் கட்டணம் பேசினால் வேலையும் மனுவோடு நின்றுவிடுகிறது. காசில்லாதவருக்குப் பிறகு தனியாகக் கட்டணம் கட்ட எங்கிருந்து வரும்?

புதிய சட்டம் வந்தால் எல்லாம் தீரும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பில் ஏழைக் கடனாளிகளுக்காகப் புதுத் தொடக்கம் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000 ரூபாய்க்குள், தகுதியுள்ள கடன் 35,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்கக்கூடாது. ஓர் இருசக்கர வாகனம் வைத்திருப்பவரே இந்தச் சொத்து வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அதே தொகுப்பு கல்விக் கடனை விடுவிப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் கல்விக் கடன் இல்லை. பொறியியல் படித்து வேலை கிடைக்காத பிள்ளையின் கடனில் கூட்டுக் கையெழுத்துப் போட்ட தகப்பனாருக்குப் பழைய சட்டமே தாராளமாக இருக்கிறது. அமெரிக்கத் திவால் சட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அங்கே மனுவில் கடனாளியின் வழக்கறிஞர் போடும் கையெழுத்து, தாம் நியாயமான விசாரணை செய்து பார்த்ததாகத் தரும் உறுதிமொழியாகவும் கொள்ளப்படுகிறது. தவறினால் அவரே செலவுத் தொகைக்கு ஆளாகலாம். நம் நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் வழக்கறிஞர் அந்த அளவுக்கு விசாரித்தே தீர வேண்டும் என்பேன்.

விடுவிப்பு மனு விசாரணைக்கு வரும்போது எதிர்த்தரப்பு கையிலெடுப்பது 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு. பிணையற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடச் சொத்து தேறாவிட்டால் முழு விடுவிப்பு மறுக்கப்படும். கணக்குப் புத்தகம் வைக்காதவர், கட்டமுடியாது என்று தெரிந்தே கடன் வாங்கியவர், சூதாட்டத்திலும் ஆடம்பரத்திலும் அழித்தவர், சொத்தை மறைத்தவர் ஆகியோருக்கும் அப்படியே. நம்மிடம் வருகிற பெரும்பாலோருக்கு எட்டணா தேறாது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, விடுவிப்புக் கேட்டுப் பயனில்லை என்று கைவிடும் வழக்கறிஞர்கள் உண்டு. அந்த வரியோடேயே ஒரு விலக்கும் எழுதப்பட்டிருக்கிறது. எட்டணா தேறாமல் போனதற்குக் கடனாளி நியாயமாகப் பொறுப்பாகாத சூழ்நிலைதான் காரணம் என்று நீதிமன்றம் நம்பினால் விடுவிப்பு தரலாம். முழு விடுவிப்பு மறுக்கப்பட்டாலும் எல்லாம் அடைபடவில்லை. ஆணையைச் சில காலம் நிறுத்திவைத்து விடுவிக்கலாம், வருங்கால வருமானத்திலிருந்து ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி நிபந்தனையோடு விடுவிக்கலாம் என்று 41-ஆம் பிரிவு நீதிபதிக்கு இடம் கொடுக்கிறது. மாதம் 14,000 ரூபாய் கூலிக்குப் போகும் தறிக்காரர், இரண்டாயிரம் கட்டுகிறேன், மூன்றாண்டு கழித்து விடுவியுங்கள் என்று தாமே முன்வந்து சொன்னால், மொத்தமாக மறுப்பதைவிட அந்த வழியில் போக நீதிபதிக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.

கடனாளி பொறுப்பாகாத அந்தச் சூழ்நிலையை நிரூபிக்கும் சான்றுகளை விடுவிப்பு நாளில் தேடினால் கிடைக்காது. முதல் சந்திப்பிலிருந்தே சேர்க்க வேண்டும். தறிக்காரர் வழக்கில் அவை இப்படி இருக்கும்: தறி ஓடிய மாதங்களையும் நின்ற மாதங்களையும் காட்டும் மின்கட்டண ரசீதுகள், நூல் வாங்கிய பில்களில் மாதத்துக்கு மாதம் ஏறிய விலை, கூலிக்கு நெய்யக் கொடுத்தவர் பணம் தராமல் இழுத்தடித்த வாட்ஸ்அப் செய்திகளின் நகல், ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதன் கணக்குகள். அறுவைச் சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பில்லும் டிஸ்சார்ஜ் சம்மரியும். தறியைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றபோது கொடுத்த சீட்டு. இவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி, எந்தக் கடன் எந்த மாதம் எதற்காக வாங்கப்பட்டது என்ற பட்டியலோடு பக்கம் பக்கமாகப் பொருத்திக் காட்ட வேண்டும். 2020 ஏப்ரலில் தறி நின்றது, மே மாதம் முதல் புரோநோட்டு. அறுவைச் சிகிச்சை நடந்த வாரத்தில் இரண்டாவது. இப்படிப் பொருந்தினால், ஆடம்பரத்தில் அழித்தார் என்ற வாதத்துக்கு எதிர்த்தரப்பு தனியாகச் சான்று தேட வேண்டியிருக்கும்.